போர் வண்டியைக் கூப்பிடும் முன்: கொங்குப் பக்கம் புதிதாக நிலம் வாங்கியவர்களுக்கு

பத்திரம் பதிந்த கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நல்ல போர் வண்டி யாருதுங்க?" போர் என்கிற ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு பக்கத்தில் இருக்கிறது, நல்ல வண்டிக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்கா வரைக்கும் வண்டிகள் போகின்றன. ஆனால் வண்டி வருவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் நான் பட்ட அடி பெரிது.

2017 கோடை. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அவிநாசி, பல்லடம் பக்கம் தென்னை எல்லாம் தலை சாய்ந்து நின்ற நேரம். அவசரத்தில் வண்டியைக் கூப்பிட்டேன். 600 அடியிலும் தண்ணீர் இல்லை, பாறைத் தூசிதான் புகையாக வந்தது. "இன்னும் நூறு அடி போவோம்" என்றார்கள், சரி என்றேன். அப்படிச் சரி சொல்லிச் சொல்லியே 1,080 அடி போயிற்று. விடிந்தபோது தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பாறை மாவு படிந்திருந்தது, தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அடுத்த வாரம்தான் தெரிந்தது, தெற்குத் தோட்டத்துக்காரருக்கு 340 அடியில் ஊற்று இருக்கிறது என்று. நடந்து போய்க் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம்.

முதலில் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பூமி. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் எல்லாம் இதில்தான் வருகின்றன. இந்தப் பாறை பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்காது. பாறைக்குள் தண்ணீர் இருக்கும் இடம் இரண்டுதான். ஒன்று, மேலே மக்கிப் போன பாறை. மண்ணுக்கும் கரும்பாறைக்கும் நடுவில், கையால் உதிர்த்தால் உதிரும் அடுக்கு அது. நம் தாத்தா காலத்துக் கிணறுகள் எல்லாம் இந்த அடுக்கை நம்பி வெட்டியவை. இரண்டாவது, கீழே கரும்பாறையில் இருக்கும் வெடிப்புகள். போர் அந்த வெடிப்பைக் குறுக்கே வெட்டினால் தண்ணீர். ஓர் அடி தள்ளிப் போனால் வெறும் மாவு. பக்கத்துத் தோட்டத்தில் 2 இஞ்ச் தண்ணீர் (இந்த இஞ்ச் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்) வந்திருக்க, நம் தோட்டத்தில் ஒன்றுமே வராமல் போவது இதனால்தான். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"ஆழமாகப் போனால் தண்ணீர் கட்டாயம் கிடைக்கும்" என்று சொல்வார்கள். பாறைப் பூமியில் இது உண்மையல்ல. கீழே போகப் போக மேலிருக்கும் பாறையின் எடை வெடிப்புகளை இறுக்கிவிடும், எண்ணிக்கையும் குறையும். ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேலே இருந்த ஊற்றுகளை எல்லோரும் சேர்ந்து இறைத்து முடித்துவிட்டதால்தான் அவர்கள் அவ்வளவு ஆழம் போக வேண்டியிருந்தது.

காவிரிப் படுகைக் கதையே வேறு. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் ஆற்று மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். நம் பக்கம் பாறையை இடித்துத் துளைக்கும் காற்றழுத்தச் சுத்தியல் வண்டிக்கு அங்கே வேலையில்லை. சேற்றுக் குழம்பை உள்ளே ஓட்டி, சுழன்று துளைக்கும் ரோட்டரி வண்டி வேண்டும். மணல் அடுக்குக்கு நேராகத் துளையிட்ட குழாய் இறக்கி, சுற்றிலும் கூழாங்கல் போட வேண்டும். கடலோரத்தில் ஆழம் போவதே ஆபத்து, உப்பு ஏறிவிடும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது பலரும் அறிந்த சங்கதி. இந்தக் கட்டுரை பாறைப் பூமிக்கு மட்டும். படுகையிலோ கடலோரத்திலோ நிலம் வாங்கியவர்கள் அங்குள்ள துளைப்பவரைக் கேட்பதுதான் நல்லது.

ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு அக்கம்பக்கம் நடங்கள்

இருக்கும் வேலைகளிலேயே பயனுள்ளது இது. செலவும் இல்லை. உங்கள் இடத்தைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாத் தோட்டத்துக்கும் போங்கள். புது ஆள் என்று யாரும் விரட்ட மாட்டார்கள். தண்ணீர்ப் பேச்சு என்றால் டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். ஒவ்வொரு போருக்கும் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: எந்த வருடம் போட்டது, மொத்தம் எத்தனை அடி, கேசிங் (மேல்மண் சரியாமல் இருக்கப் போருக்குள் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியது, முதல் ஊற்று எத்தனை அடியில், பெரிய ஊற்று எத்தனை அடியில், இப்போது மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது.

முக்கியமாக, தண்ணீர் வராத போர்களைக் கேளுங்கள். அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பத்துத் தோட்டம் நடந்தால் ஒரு வரைபடம் உங்கள் கையிலேயே வந்துவிடும். தண்ணீர் வந்த போர்கள் பெரும்பாலும் ஒரே கோட்டில் இருக்கிறதா பாருங்கள். பாறை வெடிப்புகள் நீளவாக்கில் ஓடுபவை. அந்தக் கோடு உங்கள் நிலத்தைத் தொட்டால் அது பெரிய தடயம். ஓடை, பள்ளம் நேர்கோட்டில் ஓடினாலும் கீழே வெடிப்பு இருக்கலாம். கரிய, கெட்டியான பாறை ஒன்று சுவர் மாதிரி நீளமாகத் தரைக்கு மேல் தலைகாட்டினால் அதையும் குறித்துவையுங்கள். சில இடங்களில் அது நிலத்தடி ஓட்டத்தை அணை மாதிரி தடுத்து நிறுத்தும். ஒரு பக்கம் தண்ணீர் செழிப்பாக இருக்கும், மறு பக்கம் வறண்டு கிடக்கும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: வாய்க்கால் தண்ணீரா, மழைத் தண்ணீரா? கீழ்பவானி, பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் ஓரத்துக் கிணறுகள், வாய்க்காலில் தண்ணீர் விடும்போது ஏறி, நிறுத்தியதும் இறங்கும். தண்ணீர் ஓடும் மாதத்தில் நிலம் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் அது. உங்கள் ஊர்க் குளம் அந்தப் பட்டியலில் இருந்தால், தண்ணீர் விட்டதற்கு முன்னும் பின்னும் மட்டம் எப்படி இருந்தது என்று குளத்தோரத் தோட்டங்களில் கேளுங்கள். நொய்யல் ஓரமாக, திருப்பூருக்குக் கீழே நிலம் என்றால் அளவைவிடத் தரத்தைப் பற்றித்தான் முதல் கவலை. சாயக்கழிவு பல வருடம் ஓடிய ஆறு அது. பக்கத்துப் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதித்துவிட்டுத்தான் போர் போடுவதா என்றே முடிவு செய்ய வேண்டும்.

இடம் குறிப்பது

தேங்காயை உள்ளங்கையில் வைத்து நடப்பவர், வேப்பங்கவை பிடிப்பவர், செம்புக் கம்பி பிடிப்பவர் என்று நீரோட்டம் பார்ப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. என் அப்பா அவர்களை நம்பியவர். நான் சொல்லக்கூடியது இதுதான்: தேங்காய் எழுந்து நிற்பதற்கும் கீழே தண்ணீர் இருப்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்று முறையான சோதனை எதுவும் காட்டவில்லை. அந்த ஊரிலேயே நாற்பது வருடம் போர் பார்த்த பெரியவர் என்றால் அவர் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அவரிடம் தேங்காயை விட்டுவிட்டு, "இந்தப் பக்கம் எங்கெல்லாம் தண்ணீர் கிடைத்தது?" என்று கேளுங்கள்.

அடுத்தது மின்தடை அளவீடு. நான்கு கம்பிகளை மண்ணில் நட்டு மின்சாரம் செலுத்தி, கீழே எவ்வளவு தடை இருக்கிறது என்று அளப்பார்கள். ஈரமான, மக்கிய பாறையில் தடை குறையும். கெட்டிப் பாறையில் ஏறும். விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையே குறைந்த கட்டணத்தில் இதைச் செய்து தருகிறது. மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். மக்கிய அடுக்கு எவ்வளவு ஆழம் என்று சொல்வதில் இந்தக் கருவி நன்றாக உதவும். ஆனால் 600 அடியில் இருக்கும் இரண்டு விரல் அகல வெடிப்பு அதன் கண்ணில் படாது. களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூடத் தடையைக் குறைத்துக் காட்டும். ஆகவே "சரியாக 720 அடியில் 3 இஞ்ச்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அக்கம்பக்கக் கணக்கும் அளவீடும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே போடலாம்.

போர் போடும் இடம் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளியிருக்க வேண்டும். மேலே மின்கம்பி போகக் கூடாது, வண்டியின் கம்பம் நிமிர்ந்தால் தொட்டுவிடும். கனமான லாரி திரும்பப் பாதை வேண்டும். பிற்பாடு மோட்டாரைத் தூக்கவும் வண்டி வரும் என்பதால், அந்த இடத்தின் மேல் வீட்டுக் கூரையை நீட்டிவிடாதீர்கள்.

அனுமதி

உச்ச நீதிமன்றம் 2010-இல் வகுத்த நெறிமுறைப்படி, போர் போடுவதற்கு 15 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளைக்கும் நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென ஊராட்சி விதிகள் 2015-இல் வந்தன. கிராமம் என்றால் ஊராட்சி அலுவலகம், நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி. "வண்டிக்காரரே பார்த்துக்கொள்வார்" என்று விட வேண்டாம். அனுமதித் தாள் உங்கள் பெயரில் உங்கள் கையில் இருக்கட்டும்.

வண்டிக்காரரிடம் பேசும்போது

பெரும்பாலும் நீங்கள் முதலில் சந்திப்பது ஏஜென்டைத்தான், வண்டி வேறொருவருடையது. அதில் தப்பில்லை. ஆனால் எந்த வண்டி வரும், பில் யார் பெயரில் வரும் என்று கேட்டுவிடுங்கள்.

விலை அடிக்கணக்கு. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "அடிக்கு இவ்வளவு" என்று சொல்வது முதல் 300 அடிக்கு மட்டும் இருக்கும். அதற்குப் பின் ஒவ்வொரு நூறு அடிக்கும் விலை ஏறும், ஆழம் போகப் போக ஏற்றமும் கூடும். ஆகவே அடி விலையைக் கேட்காதீர்கள். "500 அடிக்கு மொத்தம் எவ்வளவு, 700-க்கு எவ்வளவு, 1,000-க்கு எவ்வளவு?" என்று கேட்டு மூன்று தொகையையும் எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று வண்டிக்காரர்களை ஒப்பிட இதுதான் வழி. முதல் நூறு அடியில் மலிவாகச் சொல்லி எண்ணூறில் பிடிப்பவர்கள் இதில் தெரிந்துவிடுவார்கள்.

கேசிங் விலை தனி. விவசாயத்துக்கு ஆறரை இஞ்ச் போர் போட்டால் 7 இஞ்ச் கேசிங், வீட்டுக்கு நாலரை இஞ்ச் என்றால் 5 இஞ்ச். குழாய் எத்தனை கிலோ அழுத்தம் தாங்குவது, ஐ.எஸ்.ஐ முத்திரை உண்டா என்று பாருங்கள். கேசிங் கெட்டிப் பாறைக்குள் சில அடி இறங்கி உட்கார வேண்டும். மக்கிய பாறையிலேயே நிறுத்தினால் பிற்பாடு மண் சரிந்து போரும் மோட்டாரும் போகும். காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் வேறெதிலாவது பிடியுங்கள், கேசிங்கில் வேண்டாம். அக்கம்பக்கத்தில் கேசிங் 40 அடி இறங்கியிருக்க, உங்களிடம் மட்டும் 120 அடி வேண்டும் என்றால், வெளியே வந்த மண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

போட்டு முடித்த போரைக் கழுவிவிடுவது விலையில் சேர்த்தியா, போர் பாதியில் மூடிக்கொண்டால் யார் பொறுப்பு, ராடு (துளைக்க ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி இறக்கும் இரும்புத் தண்டு) உள்ளே சிக்கினால் யார் நட்டம், ஆட்களுக்குச் சாப்பாடு யார் தருவது: இவற்றையும் பேசிவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமாக, எந்த அடியில் நிறுத்துவது என்று வண்டி வருவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுங்கள். அக்கம்பக்கத்துப் பெரிய ஊற்றுகள் 300 முதல் 450 அடிக்குள் இருந்தால், 550-இல் நிறுத்துவோம் என்று நோட்டில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூசிக்கு நடுவில், இதுவரை போட்ட பணத்தை நினைத்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் புத்தி நேராக வேலை செய்யாது. எனக்கு வேலை செய்யவில்லை.

போர் போடச் சரியான காலம் சித்திரை, வைகாசி. கிராக்கி அதிகம், விலையும் சற்றுக் கூடும். ஆனால் அப்போது கிடைக்கும் தண்ணீர்தான் நிலைத்த தண்ணீர். ஐப்பசி மழை முடிந்ததும் போட்டால் மேல் ஊற்று பொங்கி வந்து கண்ணை ஏமாற்றும்.

துளைக்கும் அன்று

வண்டி பக்கத்தை விட்டு நகராதீர்கள். முகத்துக்குத் துணி அல்லது முகக்கவசம் கட்டாயம். பாறைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சிறுவர்களைக் கிட்டவே விடக் கூடாது. சேறு பக்கத்துத் தோட்டத்துக்குள் ஓடாமல் முன்கூட்டியே ஒரு குழி வெட்டிவையுங்கள்.

முதல் ராடு இறங்குவதற்கு முன் அதன் நீளத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். பொதுவாக 20 அடி இருக்கும், எல்லா வண்டியிலும் அப்படியில்லை. ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கோடு போட்டு, நேரத்தையும் குறியுங்கள். அடிக்கணக்கில் சண்டை வராமல் இருக்க இது ஒன்றே போதும். கூடவே பாறையின் கதையும் அதில் பதிந்துவிடும். 20 நிமிடத்தில் இறங்கிக்கொண்டிருந்த ராடு திடீரென்று 8 நிமிடத்தில் இறங்கினால் அங்கே பாறை இளகியிருக்கிறது.

ஒவ்வொரு ராடு முடியும்போதும் வெளியே வரும் மாவை ஒரு பிடி எடுத்து, வரிசையாகக் குவித்துவையுங்கள். மேலே செம்மண், சுக்காங்கல். பிறகு பழுப்பு நிறத்தில் மக்கிய பாறை. அதன் பின் சாம்பலோ வெள்ளையோ கருநீலமோ, உலர்ந்த மாவு: கெட்டிப் பாறை. அந்த மாவுக்கு நடுவில், ஆழத்தில், மறுபடியும் பழுப்போ துரு நிறமோ தெரிந்தால் கவனியுங்கள். அவ்வளவு ஆழத்திலும் தண்ணீர் ஓடிப் பாறையை அரித்திருக்கிறது என்று அர்த்தம். புகை நின்று மாவு சேறாக மாறும் அடியைத் தவறாமல் எழுதுங்கள், மோட்டார் இறக்கும்போது வேண்டியிருக்கும்.

முடிவுசெய்த அடி வந்துவிட்டது, தண்ணீர் இல்லை. என்ன செய்வது? கடைசி இரண்டு மூன்று ராடுகளின் மாவைப் பாருங்கள். நிறமும் மாறவில்லை, நேரமும் மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். மாற்றம் தெரிந்தால் மட்டும் இன்னும் இரண்டு ராடு. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை, பழைய கிணற்றைத் தூர்வாரவோ கிணற்றுக்குள்ளேயே சைடு போர் (பக்கவாட்டில் துளைப்பது) போடவோ வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை இஞ்ச் தண்ணீர்?

"ஒரு இஞ்ச்", "2 இஞ்ச்" என்பது குழாயின் அளவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். முறையாக அது வி-வடிவ வெட்டு உள்ள தகட்டில் வழியும் தண்ணீரின் உயரம். வெட்டு செங்கோணத்தில் இருந்தால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: 1 இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர், 2 இஞ்ச் என்றால் 48 லிட்டர், 3 இஞ்ச் என்றால் 133 லிட்டர். இஞ்ச் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கும் மேல் ஆகிறது! தகட்டை வைத்து அளந்தார்களா, கண்மதிப்பா என்று கேளுங்கள். தகடு இல்லை என்றால் வாய்க்கால் வெட்டி ஒரு குடத்தில் பிடித்து, நிரம்பும் நொடியை எண்ணினாலே போதும்.

வீட்டுக்கு மட்டும் என்றால் 1 இஞ்ச் வந்தவுடன் முகம் வாட வேண்டியதில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிறையும். தென்னை ஒரு ஏக்கருக்கு 70 மரம், சொட்டுநீரில் மரத்துக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால் 5,600 லிட்டர். 2 இஞ்ச் தண்ணீரில் இரண்டு மணி நேர வேலை, 1 இஞ்சில் பதினோரு மணி நேரம். எவ்வளவு தேவை என்று இப்படிப் போட்டுப் பார்த்தால், தேவையான தண்ணீர் 400 அடியில் கிடைத்த பிறகும் ஆசைப்பட்டு 900 வரை போக மாட்டீர்கள்.

இன்னொரு மயக்கம்: ஆறரை இஞ்ச் போரில் அடிக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் ஊறி 400 அடி நின்றால் 2,600 லிட்டர். காலையில் மோட்டார் போட்டதும் பீறிட்டு வருவது இந்தச் சேமிப்புதான், ஊற்றின் வேகமல்ல. ஆகவே மோட்டார் வாங்கும் முன், வாடகை மோட்டார் இறக்கிக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் ஓட்டி, கடைசி மணி நேரத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, அதற்கேற்ற மோட்டாரை வாங்குங்கள். ஊற்றைவிட மோட்டார் பெரிதானால் அது காற்றை இழுத்துக் கருகும்.

வண்டி போன பிறகு

கேசிங் தரைக்கு மேல் ஓரிரு அடி நிற்கட்டும். அதைச் சுற்றியுள்ள சந்தில் மேல்தண்ணீர் இறங்காதபடி அடைத்து, சிமென்ட் மேடை கட்டுங்கள். நெறிமுறை சொல்லும் அளவு அரை மீட்டர் சதுரம், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். மோட்டார் இறக்க நாளாகும் என்றால், வண்டி கிளம்புவதற்கு முன்பே வாயில் இரும்பு மூடியைப் பற்றவைத்தோ போல்ட் போட்டோ மூடிவிடுங்கள். சாக்கும் கல்லும் மூடி ஆகாது.

தண்ணீர் வராத போரை அப்படியே விடவே கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போருக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் போராடியும் உயிருடன் மீட்க முடியவில்லை. என் 1,080 அடிப் போரை அந்த வாரம்தான் நிரப்பினேன். இரண்டு வருடம் ஒரு கல்லை வைத்து மூடிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது. களிமண், மணல், கல், வெளியே வந்த பாறை மாவு எதையாவது போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மழைநீர் இறக்கும் போராக மாற்றுவது என்றால், வடிகட்டும் தொட்டியும் பூட்டிய மூடியும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

தண்ணீர் வந்தால், இரண்டு வாரம் ஓட்டித் தெளிந்த பின் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், உச்ச வரம்பு 1.5. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு நாக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது, குழந்தைகளின் பல்லில்தான் முதலில் தெரியும்.

கடைசியாக அந்த நோட்டு. ராடு கணக்கு, மாவின் நிறம், ஊற்று வந்த அடி, மோட்டார் தொங்கும் அடி எல்லாம் அதில் இருக்கிறது. பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பக்கத்து நிலத்தை வாங்கியவர் ஒருநாள் உங்கள் வாசலில் வந்து "உங்களுக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்ததுங்க?" என்று கேட்கும்போது எடுத்துக் காட்டலாம்.